பிரம்பு மூளையைத் திருத்துமா?

கப்பல்துறைச் சிறுவனொருவன் வாயால் ஒப்புவிப்பதைக் கையால் எழுத இயலாது திணறினால், அவனைச் சோம்பேறி என்கிறோம், பிரம்பையும் எடுக்கிறோம். அறிவியல் கூறுவதோ வேறு. எழுதுங்கால் ஒலியை நினைந்து, வடிவை மீட்டு, விரலை இயக்கும் மூளைப் பகுதிகள் பல ஒருங்கே உழைக்கின்றன. அக்கூட்டுழைப்பு எங்கேனும் தடைப்பட்டால் எழுத்துத் தடுமாறும், அறிவு குன்றியதாகாது.

பயிற்சி மூளையைப் பண்படுத்தும். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்தைத் தம் கையாலேயே எழுதிப் பழகியபின், மூளையின் வாசிப்புப் பகுதிகள் விழித்தெழுவதைக் காட்டிற்று. தட்டச்சுப் பழக்கம் அப்பயனைத் தரவில்லை. மணலில் விரலால் எழுதப் பழக்கிய நம் முன்னோர் வழி வீணன்று.

மெலிந்த பயிரைக் கமக்காரன் அடிப்பதில்லை, வேரைப் பார்க்கிறான். கல்வித் திணைக்களத்தைக் கேட்கிறோம்: திருகோணமலை ஆசிரியர்களுக்கு இத்துறைப் பயிற்சியைத் தமிழிலேயே அளியுங்கள், பரீட்சையில் இப்பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் தாருங்கள்.