குறைந்த புள்ளியோடு கல்லூரி மாறலாமா?

கல்லூரிகளில் பருவத்தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரங்களில் என் கைப்பேசிக்கு வரும் அழைப்புகள் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அழைப்பவர்கள் என் முன்னாள் மாணவர்களின் தாய்மார்கள். "டீச்சர், தம்பிக்குப் பாயிண்ட் ரொம்பக் கொறஞ்சு போச்சாம். வேற காலேஜுக்கு மாத்திட்டா சரியாயிடுமா?" என்பதே பெரும்பாலும் கேள்வி. ஆறாம் ஆண்டோடு நம் வகுப்பை விட்டுச் சென்ற பிள்ளையின் கல்லூரிச் சிக்கலைத் தொடக்கப்பள்ளி ஆசிரியையிடம் ஏன் கொண்டு வருகிறார்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் வியந்தார். இதில் வியக்க ஒன்றுமில்லை. பல தாய்மார்கள் தம் பிள்ளையின் படிப்பைப் பற்றித் தமிழிலேயே மனம்விட்டுப் பேசிய கடைசி ஆசிரியர்கள் நாம்தாம். கல்லூரி அலுவலகத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கத் தயங்குவதை நம்மிடம் கேட்கிறார்கள். ஆகவே, இவ்விசயத்தில் நமக்கும் ஓரளவு விவரம் தெரிந்திருப்பது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்த புள்ளியோடு கல்லூரி மாறுவது குற்றமும் அன்று, இழிவும் அன்று. நம் நாட்டு விதிமுறைகளே அதற்கு இடமளிக்கின்றன. ஆனால், புள்ளி ஏன் குறைந்தது என்று ஆராயாமல் கட்டடத்தை மட்டும் மாற்றுவது வீண்செலவு. அதைவிடப் பெரிய செலவு, குறைந்த புள்ளியை வீட்டில் மறைத்து வைப்பது.

நம் பெற்றோர்க்கு 'எத்தனை ஏ?' என்ற கணக்கு நன்றாகப் புரியும். பி.என்.ஜி.கே. எனப்படும் ஒட்டுமொத்தப் புள்ளிச் சராசரி அவ்வளவாகப் புரிவதில்லை. 4.00 உச்சம். 2.00 என்பது பெரும்பாலான கல்விக்கூடங்களில் பட்டம் பெறுவதற்கான குறைந்த அளவு. அதற்குக் கீழே இறங்கினால் மாணவர் எச்சரிக்கை நிலையில் வைக்கப்படுவார். அடுத்தடுத்த பருவங்களிலும் எழாவிட்டால் நீக்கப்படலாம். பிடிபிடிஎன் கடன் தவணையும் 2.00-ஐத் தொடாத பருவத்தில் நின்றுபோகும். ஆக, 1.80 என்பது 'கொஞ்சம் குறைவு' அன்று. வீட்டில் உடனே உட்கார்ந்து பேசவேண்டிய எண் அது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு மாணவர் மூன்று பருவங்களில் 45 கிரெடிட் படித்து 1.80 பெற்றிருக்கிறார். அவர் ஈட்டியது 81 புள்ளி. 120 கிரெடிட் கொண்ட பட்டப்படிப்பை 2.50 சராசரியில் முடிக்க அவருக்கு 300 புள்ளி வேண்டும். எஞ்சிய 75 கிரெடிட்டில் 219 புள்ளி, அதாவது சராசரி 2.92. ஏறத்தாழ எல்லாப் பாடத்திலும் பி. கடினம்தான், ஆனால் நடக்கக்கூடியது. அதே மாணவர் 3.00 சராசரிக்கு ஆசைப்பட்டால் எஞ்சிய பாடங்களில் 3.72 எடுக்க வேண்டும். சி-யும் டி-யும் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று எல்லாவற்றிலும் ஏ, ஏ- எடுக்குமா என்பதைப் பெற்றோரே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் 'வேறு கல்லூரிக்குப் போனால் கணக்குப் புதிதாகத் தொடங்கும்' என்ற யோசனை வருகிறது. அதில் உண்மை உண்டு. 2007-இல் அமைக்கப்பட்ட மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் கிரெடிட் மாற்ற விதிப்படி, முன்பு படித்த பாடத்தில் குறைந்தது சி பெற்றிருக்க வேண்டும். அப்பாடத்தின் உள்ளடக்கம் புதிய கல்லூரியின் பாடத்தோடு 80 விழுக்காடு பொருந்த வேண்டும். சி-க்குக் கீழான பாடங்கள் பழைய கல்லூரியிலேயே தங்கிவிடும். ஏற்றுக்கொள்ளப்படும் பாடங்களுக்கும் பெரும்பாலும் கிரெடிட் மட்டும்தான் வரும், பழைய புள்ளி வராது. எனவே, புதிய பி.என்.ஜி.கே. புதிய கல்லூரியில் படிக்கும் பாடங்களைக் கொண்டே கணக்கிடப்படும். விழுந்தவனுக்கு மீண்டும் எழ இடம் கொடுக்கும் விதி இது. நான் இதை வரவேற்கிறேன்.

ஆனால், முழுக்கணக்கையும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன மாணவரின் 45 கிரெடிட்டில் 27 மட்டும் சி அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொள்வோம். 80 விழுக்காட்டுப் பொருத்தமும் அமைந்தால் அந்த 27 போகும். மற்ற 18, அதாவது மூன்று கிரெடிட் பாடங்கள் ஆறு, அங்கே மீண்டும் படிக்கப்பட வேண்டும். ஒரு பருவத்துக்கும் மேலான காலம், கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இதில் அடக்கம். இனி, அதே மாணவர் பழைய கல்லூரியிலேயே இருந்து அந்த ஆறு பாடங்களையும் மறுபடி படித்து, எல்லாவற்றிலும் பி எடுக்கிறார் என்று கொள்வோம். பழைய புள்ளியை நீக்கிப் புதியதைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியாக இருந்தால், அவருடைய சராசரி 1.80-லிருந்து குறைந்தது 2.40 அளவுக்கு உயரும். இரு புள்ளிகளையும் சேர்த்தே கணக்கிடும் கல்லூரியாக இருந்தால் அவ்வளவு உயராது. இதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே இருந்தாலும் அந்த ஆறு பாடங்களை இன்னொரு முறை படித்தே ஆகவேண்டும். இடமாற்றம் அதிலிருந்து விடுதலை தராது.

அப்படியானால் யார் மாறலாம்? என்னைக் கேட்டால், முதலில் துறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவர்கள். நம் வீடுகளில் இது அதிகம். எஸ்.பி.எம். தேர்வில் கணிதமும் இயற்பியலும் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையைப் பொறியியலில் சேர்த்துவிட்டு, 'சோம்பேறி' என்று திட்டுகிறோம். அந்தப் பிள்ளை வேறு கல்லூரிக்குப் போய் மீண்டும் பொறியியலே படித்தால் மீண்டும் அதே புள்ளிதான் வரும். மாற்ற வேண்டியது துறையை. கட்டணம் தாங்காமல் இரவெல்லாம் வேலை செய்து, காலை வகுப்பில் தூங்கும் பிள்ளையும் மாறலாம்; வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய, கட்டணம் குறைந்த இடத்துக்கு. கைப்பேசி விளையாட்டிலும் நண்பர் கூட்டத்திலும் பொழுதைப் போக்கியதால் புள்ளி இறங்கியது என்றால், மாறத் தேவையில்லை. அந்தக் கைப்பேசி புதுக்கல்லூரிக்கும் கூடவே வரும்!

என் முன்னாள் மாணவர் ஒருவர் பட்டப்படிப்பை இரண்டாம் பருவத்தோடு விட்டுவிட்டு, மின்னியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். உறவினர்கள் 'டிகிரியிலிருந்து டிப்ளோமாவுக்கா?' என்று அவருடைய அம்மாவைக் குடைந்தெடுத்தனர். அந்த அம்மா அசையவில்லை. மகன் செய்முறை வேலையில் கெட்டிக்காரர் என்பது அவருக்குத் தெரியும். ஐந்தாம் ஆண்டிலேயே எங்கள் வகுப்பு மின்விசிறியின் விசையைக் கழற்றிப் பார்த்த பிள்ளை அவர்! பட்டயத்தை நல்ல புள்ளியில் முடித்தவர்க்குப் பட்டப்படிப்பின் கதவு திறந்தே இருக்கிறது. பட்டயத்திலிருந்து பட்டப்படிப்புக்குப் போகும்போது, பட்டப்படிப்பின் மொத்தக் கிரெடிட்டில் பொதுவாக 30 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். 120 கிரெடிட்டுக்கு 36. இதை இறக்கம் என்று சொல்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள்.

இன்னொரு மாணவியின் கதை வேறு. மூன்று பருவங்கள் வீட்டில் 'எல்லாம் ஓகே' என்றே சொல்லிவந்தார். கடன் தவணை நின்றதும், வார இறுதியில் பேரங்காடியில் வேலை செய்து சமாளித்தார். வேலை கூடக்கூடப் புள்ளி மேலும் குறைந்தது. நீக்கக் கடிதம் வீட்டு முகவரிக்கு வந்தபோதுதான் தந்தைக்கு விசயம் தெரிந்தது. முதல் பருவத்திலேயே சொல்லியிருந்தால் இரண்டு பாடங்களை மறுபடி படிப்பதோடு முடிந்திருக்கும். அந்தப் பெண் ஏன் சொல்லவில்லை என்பதை நாம் சிந்திக்க வேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. ஆனால் ஏ எடுத்தவர்க்கு மட்டும் மாலையும் மேடையும் என்ற நம் மனப்பான்மை அகலவில்லை. பன்னிரண்டு வயதில் மேடையேறிய பிள்ளை, இருபது வயதில் 1.6 எடுத்தேன் என்று யாரிடம் சொல்லும்? நம் பள்ளிகளின் பரிசளிப்பு விழாக்களில், சரிந்து மீண்ட பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடுவோமே.

பெற்றோர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 'எல்லாக் கிரெடிட்டும் போகும், கவலையை விடுங்க' என்று கல்லூரி முகவர் வாய்ச்சொல்லாகச் சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பாடம் ஏற்கப்படுகிறது, எது இல்லை என்று பாடவாரியாகக் கல்லூரியே எழுத்தில் தரட்டும். பணம் அதற்குப் பிறகு. அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ.வின் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் உள்ளதா என்று இணையத்தில் பார்க்கலாம், செலவில்லை. ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் பிள்ளை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 80 விழுக்காட்டுப் பொருத்தத்தை அதைக் கொண்டுதான் பார்ப்பார்கள். பழைய கல்லூரியில் கட்டணப் பாக்கி இருந்தால் பல இடங்களில் டிரான்ஸ்கிரிப்ட் தரமாட்டார்கள். அது இல்லாமல் கிரெடிட் மாற்றம் நடக்காது.

பிடிபிடிஎன் கடனைப் பற்றி மறவாமல் கேளுங்கள். கடன் ஒப்பந்தம் குறிப்பிட்ட கல்விக்கூடத்துக்கும் படிப்புக்கும் உரியது. பிள்ளை மாறினால் அதுவும் தானாகவே கூட வரும் என்று நினைக்க வேண்டாம். விலகல் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே பிடிபிடிஎன் கிளைக்கு நேரில் போய், புதிய படிப்புக்குக் கடன் கிடைக்குமா, பழைய கடனை எப்போதிலிருந்து கட்டவேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பள்ளி விடுமுறையாக இருந்தால் என்னையும் அழைக்கலாம், வருகிறேன்.