தனுஷ்கோடியில் பேய் எங்கே இருக்கிறது?

பாளையம்பட்டி, திருச்சுழி பக்கத்திலிருந்து வேன் பிடித்து ராமேஸ்வரம் போகிறவர்கள் தனுஷ்கோடியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. இடிந்த தேவாலயத்தின் முன் நாலு போட்டோ, அரிச்சல்முனையில் கால் நனைத்தல், (அமாவாசையாக இல்லாவிட்டால்) ஒரு தட்டு வறுத்த மீன். ஊர் திரும்பியதும் அந்தப் படங்களுக்கு வைக்கும் பெயர்: "பேய் நகரம்".

சரி, அந்த மீனைப் பிடித்தது யாராம்? பேயா?!

இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று பார்க்க வேண்டும். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி ரயிலின் கடைசி நிலையமானது. சென்னையில் 'போட் மெயில்' ஏறினால் இங்கே இறங்கிக் கப்பல் மாறலாம். சுமார் 30 கி.மீ. கடலைத் தாண்டினால் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். மழை பொய்த்த ராமநாதபுரச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பலர் மண்டபம் முகாமில் தங்கி, இந்த வழியாகத்தான் கடல் கடந்தார்கள். ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி என்று ஊர் களை கட்டியிருந்தது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் எல்லாம் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை ஸ்டேஷனை நெருங்கும் நேரத்தில் கடல் விழுங்கியது. அதில் வந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சேதமான பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சரிசெய்தது. பாலத்துக்குக் காட்டிய அந்த வேகம் தனுஷ்கோடிக்குக் கிடைக்கவில்லை. பாதையைக் கைவிட்டு, ஊரை "வாழத் தகுதியற்ற இடம்" என்று அறிவித்ததோடு அரசு கையைக் கழுவிக்கொண்டது.

செத்தது துறைமுகம். அந்த ரயிலும் கப்பலும் சுங்கமும் வெள்ளைக்காரன் காலத்து வியாபாரத்துக்காக வந்தவை. மீனவர்கள் திரும்பி வந்தார்கள். கம்பிப்பாட்டிலும் பாளத்திலும் ஓலைக்குடிசை போட்டு இன்றும் இருக்கிறார்கள்.

எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் அங்கே உண்மையிலேயே பார்க்க வேண்டிய விஷயம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடக்குக் கடலுக்குப் 'பெண் கடல்', சீறும் தெற்குக் கடலுக்கு 'ஆண் கடல்' என்று பெயர். காற்று மாறும்போது ஒரு பக்கம் கொந்தளித்தால் மறுபக்கம் வலை இறங்கும். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். பிறகு கரையில் இரண்டு வரிசையாக நின்று, ஆணும் பெண்ணுமாகக் கயிற்றை இடுப்பில் மாட்டிப் பின்னோக்கி நடந்தே இழுப்பார்கள். மணிக்கணக்கில் இழுத்தும் சில நாள் கூலிக்குக்கூடத் தேறாது. இரண்டு கடலுக்கு நடுவில், மணலைக் கையால் தோண்டினால் ஊறுகிற குடிதண்ணீர் இன்னொரு அதிசயம். பெண்கள் அகப்பையில் மொண்டு மொண்டு குடம் நிரப்பினார்கள். வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு இந்தப் பாடு புரியாமல் போகாது.

"புயல் திரும்ப வந்தால் என்ன செய்வது? அங்கே குடியிருப்பதே தப்பு" என்பார்கள் சிலர். நியாயமான கேள்விதான். அப்படியானால் 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுத் திறந்தது எந்தத் தைரியத்தில்? தினமும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறவர்களுக்கு மட்டும் அலை வழிவிட்டு ஒதுங்குமா? நாள் முழுக்கச் சுற்றுலாவுக்குத் தகுதியான மண், இரவில் தூங்க மட்டும் தகுதியற்றதாம். என்ன கணக்கோ!

அந்தச் சாலை வருவதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலும் சேறும்தான். வேனில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும், பிரசவ வலியாக இருந்தாலும் சரி. அரை நூற்றாண்டு அப்படிக் கிடந்தவர்களுக்குச் சாலை நல்லதே, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது சுற்றுலாவின் பேரில் வந்தது. 2025 ஜூனில் பூநாரைகளுக்குச் சரணாலயமும் அறிவித்தாயிற்று. பறவைக்கு இடம் கொடுத்ததில் குறையில்லை. பறவைக்கு எல்லை குறித்துக் கொடுக்க முடிந்த அரசால், பக்கத்தில் குடிசை போட்டிருப்பவனுக்கு நாலு சென்ட் மனையை அளந்து பட்டா கொடுக்க முடியாதா?

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கிற தெருவுக்குள் வெளியூர்க்காரன் நுழைந்து, இடிந்த ஒரு வீட்டை மட்டும் படம் பிடித்துப் "பேய் ஊர்" என்று போட்டால் சும்மா விடுவார்களா? தனுஷ்கோடிக்காரர்கள் இதை 1964-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அந்தப் புயல் சமயத்தில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேஸ்வரத்தில் இருந்த கதை எல்லோருக்கும் மனப்பாடம். அன்றைக்குக் கடலோடு போன மீனவரில் ஒருவர் பெயரையாவது யாருக்காவது தெரியுமா?

அடுத்த முறை போகிறவர்கள் தேவாலயத்தைப் பார்க்கட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அங்கே குடிசை வாசலில் மீன் விற்கிற அம்மாவிடம் பேரம் பேசுவதற்கு முன், தண்ணீர் எங்கேயிருந்து எடுக்கிறார், பிள்ளை எட்டாவதுக்கு மேல் எங்கே படிக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்.