பலகையில் இருப்பதும் வகுப்பில் நடப்பதும்



யூனிஃபார்ம் தைத்தாயிற்று, நோட்டுகளுக்கு பிரவுன் அட்டை போட்டாயிற்று, வேன்காரரிடம் பேசி முடித்தாயிற்று. வீடுகள் இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகின்றன. இந்த நேரத்தில் மறுபடியும் பள்ளிக்கூடப் பேச்சா என்று முகம் சுளிக்காதீர்கள். ஃபீஸ் கட்டும் வரை பதற்றம்தான் இருக்கும். கட்டிய பிறகுதானே நிதானமாகப் பேச முடியும்?

பள்ளி நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். ‘எங்கள் விஷன்’ என்று ஒரு பக்கம் தவறாமல் இருக்கும். நாளைய தலைவர்களை உருவாக்குகிறோம் என்று அதில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே ஸ்மார்ட் கிளாஸ், ரோபோட்டிக்ஸ், மாண்டிசோரி, ப்ராஜெக்ட் பேஸ்டு லேர்னிங் என்று வரிசையாக வரும். பள்ளியின் பெயரை மட்டும் மாற்றினால் எந்த ஊருக்கும் அந்தப் பக்கம் பொருந்தும். சரி, இவற்றில் எது உங்கள் பிள்ளை காலையில் வகுப்புக்குள் நுழைவதிலிருந்து மாலை மணி அடிப்பது வரையிலான பொழுதை மாற்றப்போகிறது?

புது முறைகள் எல்லாமே வெறும் விளம்பரம் என்று சொல்ல வரவில்லை. ஒரு புது முறை வகுப்பறையையே புரட்டிப் போட்டதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். அதுவும் பணக்காரப் பள்ளியில் இல்லை, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்!

2003-ல் நடந்தது அது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், ஜே.கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலி பள்ளி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரே ஆசிரியர் பல வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க, அங்குள்ளவர்கள் அட்டைகளை வைத்து ஒரு முறையை வளர்த்திருந்தார்கள். மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் போய் அதைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, நம் பாடத்துக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து தயாரித்தார்கள். முதலில் 13 பள்ளிகளில் மட்டும் தொடங்கினார்கள். ‘செயல்வழிக் கற்றல்’ என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான்.

அந்த வகுப்பில் பெஞ்சு கிடையாது. பாயில் வட்டமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், ஆசிரியரும் அவர்களோடு தரையில்தான். சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வருகைப் பதிவைப் பிள்ளைகளே போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும், அட்டைகளைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஒரு ஏணிப்படி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூட, அட்டையில் இருக்கும் மிருகம், பறவைப் படத்தைப் பார்த்துத் தனக்கு அடுத்தது எது என்று தானே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில அட்டைகளை ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார், சிலவற்றைப் பக்கத்துப் பிள்ளையோடு சேர்ந்து செய்ய வேண்டும், சிலவற்றைத் தனியாக.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அம்மை போட்டு இரண்டு வாரம் லீவு எடுத்த பிள்ளை, அல்லது குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய பிள்ளை, விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். ‘அந்தப் பாடம் முடிந்துவிட்டது, நோட்டை வாங்கி எழுதிக்கோ’ என்ற பேச்சுக்கே இடமில்லை. கூலி வேலைக்காக அடிக்கடி ஊர் மாறும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் வீட்டில் என்ன நடந்தது? ‘நோட்டுல ஒண்ணுமே இல்லையே, ஹோம்வொர்க்கே தர்றதில்லையே, தரையில உக்காரவச்சு விளையாட விடுறாங்களே’ என்ற கவலைதான். அப்படிக் கவலைப்பட்ட அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? அவர் படித்த பள்ளியில் நோட்டு நிறைய எழுதினால்தான் படிப்பு. ஏணிப்படி என்றால் என்ன, மகள் இன்று எந்தப் படியில் நிற்கிறாள் என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டிய பள்ளிகளில் அந்தக் கவலை குறைந்திருக்கும். காட்டாத பள்ளிகளில், தெருமுனை இங்கிலீஷ் மீடியத்தின் டை கட்டிய பிள்ளைகள்தான் அவர் கண்ணில் பட்டிருப்பார்கள்.

2007-08 வாக்கில் இதே முறை மாநிலத்தின் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. எண்ணிப் பாருங்கள், 13 எங்கே, 37,000 எங்கே! முதல் 13 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அது அவர்களே பார்த்து, அவர்களே செய்தது. மற்றவர்களுக்கு மேலிருந்து வந்த ஆர்டர். ஆர்டரையும் தனதாக்கிக்கொண்டு அசத்திய ஆசிரியர்கள் உண்டு. ஆனால் கிழிந்த அட்டைக்குப் பதில் அட்டை வராவிட்டால், ஒரே ஆளிடம் நாற்பது பிள்ளைகள் ஐந்தாறு குழுக்களாக உட்கார்ந்திருந்தால், எவ்வளவு நல்ல முறையும் சடங்காகிவிடும். என் கணிப்பில் அதன் பலவீனம் அட்டையில் இல்லை, பரப்பிய வேகத்தில்தான் இருந்தது.

முறை வலுவிழந்தாலும் யோசனை பிழைத்துக்கொண்டது. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துத்தானே சொல்லிக்கொடுக்கிறார்கள்? எந்த வகுப்பு என்பதைவிட எந்த நிலை என்று பார்ப்பது ஏணிப்படிக்கு உறவுதான்.

தனியார் பள்ளிகளுக்கும் இதே கதைதான். மாண்டிசோரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் ஊர் திரும்ப முடியாமல் கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் இருந்தார். அவ்வளவு பக்கத்திலிருந்து வந்த முறை. ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே போய்ப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் கலந்திருக்கிறார்களா? பொருட்கள் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா? பூட்டிக் கிடந்தால் அது வெறும் எல்.கே.ஜி.தான், ஃபீஸ் மட்டும்தான் மாண்டிசோரி.

அதனால் ‘என்ன மாடல் சொல்லித் தர்றீங்க?’ என்று கேட்பதைவிட, ‘இதை முடிவு செய்தபோது உங்க டீச்சர்கள் அந்த ரூமில் இருந்தாங்களா? எங்கேயாவது நேரில் போய்ப் பார்த்தாங்களா? முதல் வருஷம் சரியா வராததை எப்படி மாத்தினீங்க?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல பிரின்ஸிபால் ஆர்வமாக நாற்காலியை முன்னே இழுத்தால் நம்பலாம். கன்சல்டன்ட் பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறதா? உங்களுக்குக் கேட்பதைவிடக் கூடுதல் உரிமை இருக்கிறது. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதே அந்தக் குழுவின் வேலை. அதாவது, அந்தப் பள்ளியின் ‘விஷன்’ உங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் நடப்பது என்ன? கழிவறைக் கதவு, காம்பவுண்டு சுவர், குடிநீர்க் குழாய் என்று பேசியே கூட்டம் முடிந்துவிடுகிறது. அவையெல்லாம் அவசியம்தான், மறுக்கவில்லை. அத்தோடு, ‘மூணாம் வகுப்புல எத்தனை பிள்ளைங்க தடுமாறாம வாசிக்கிறாங்க? மத்தவங்களுக்கு என்ன செய்யப்போறோம்?’ என்ற கேள்வியும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறினால் என்ன?

கேட்டால் டீச்சர் பிள்ளையிடம் கோபத்தைக் காட்டுவாரோ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. குறை சொல்லும் குரலில் கேட்காமல், கூட நிற்கும் குரலில் கேட்டுப் பாருங்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கும் ஆசிரியர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் என்று நாளைக்கே தலைமை ஆசிரியரிடம் விசாரித்துவிடுங்கள். போய்க் கேட்ட பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்