தாத்தாவைத் தள்ளிவிட்டவன் டாக் ஷோவுக்குப் போனான்!

ஆடி வெள்ளி, விளக்கேற்றும் நேரம். வாக்கிங் முடித்து வந்த என் மாமனார் கேட்டைத் திறந்தார். ஒன்பது மாதமே ஆன எங்கள் சங்கு, 22 கிலோ பாசத்தோடு பாய்ந்து போய் இரண்டு முன்னங்கால்களையும் அவர் மார்பில் வைத்தான். 76 வயது மனிதர். தடுமாறி அப்படியே வாசல்படியில் விழுந்தார். மணிக்கட்டில் மயிரிழை விரிசல். மூன்று வாரம் கட்டு.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது என் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். “நாயை அருப்புக்கோட்டை தோட்டத்துக்கு அனுப்பிடலாம். அவனுக்கும் ஓட இடம் கிடைக்கும். அப்பாவும் நிம்மதியா இருப்பார்.”

ஒன்பதாவது படிக்கும் என் மகன் தட்டில் கையை வைத்தபடி அழுதான். மார்கழியில் கோவையில் நடக்கும் டாக் ஷோவுக்கு சங்குவைக் கூட்டிப் போகவேண்டும் என்று அவன் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தான். கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த மாமாதான் வாயைத் திறந்தார். “அந்தப் பய வேணும்னா தள்ளினான்? ஷோ வரைக்கும் பாருப்பா. அப்பவும் அடங்கலைன்னா நானே கூட்டிட்டுப் போய் தோட்டத்துல விடுறேன்.”

அப்படித்தான் எங்களுக்கு நாலு மாத கெடு கிடைத்தது. “எங்க வீட்டுக் குட்டி ஆளைக் கண்டாலே குதிக்குது, இதை எப்படி ஷோவுக்குக் கொண்டு போறது?” என்று கேட்டு எழுதும் தோழிகளுக்காக, அந்த நாலு மாதக் கதையை இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

சங்கு ராஜபாளையம் இனம். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இடம்பிடித்த ஜாதி. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த வம்சம் என்பதால், ஓடுவதை எதுவாக இருந்தாலும் துரத்தத் தோன்றும். இந்த இனத்தில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. அதனால் வாங்கும்போதே, குட்டி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் பின்னாலிருந்து கையைத் தட்டிப் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அடுப்படியில் பிஸ்கட் பாக்கெட் பிரிந்தால் மொட்டைமாடியிலிருந்து வந்து நிற்பான்.

டாக் ஷோ என்றதும், ‘அழகான நாய்க்குப் பரிசு’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒவ்வோர் இனத்துக்கும் தலை இப்படி, மார்பு இப்படி, வால் இப்படி என்று எழுதி வைத்த இலக்கணம் இருக்கிறது. அதற்கு எந்த நாய் மிகவும் பொருந்தி வருகிறது என்றுதான் ஜட்ஜ் பார்ப்பார். கென்னல் கிளப்பில் பதிவு இருக்கவேண்டும், உடம்பில் மைக்ரோசிப் இருக்கவேண்டும். ரிங்குக்குள் நாய் அசையாமல் நிற்கவேண்டும். ஜட்ஜ் உதட்டைத் தூக்கிப் பல்வரிசை பார்ப்பார், முதுகையும் தொடையையும் தடவிப் பார்ப்பார். ஆண் நாயென்றால் விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று கை வைத்தே பார்ப்பார். (என் மகன் இதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு தாத்தா மூலம் தூது விட்டான்.) பிறகு சீரான ஓட்டத்தில் நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்வார்.

இவ்வளவையும், ஆளைக் கண்டாலே ஆகாயத்துக்கு எகிறும் ஒருவன் செய்யவேண்டும்!

முதல் இரண்டு வாரம் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. ‘ஓடவிட்டுக் களைக்க வைத்தால் அடங்குவான்’ என்று காலையிலும் மாலையிலும் என் மகன் சைக்கிளில் அவனோடு சுற்றினான். வேட்டை நாய்க்கு ஓட்டம் காட்டினால் என்ன ஆகும்? தெம்புதான் கூடியது. போதாக்குறைக்குத் தூக்கம் குறைந்தது. இந்த வயசுக் குட்டி நாளில் பாதிக்கு மேல் தூங்கவேண்டும். தூங்காத குழந்தை சாயங்காலம் சிணுங்குகிற மாதிரி, தூங்காத குட்டி இன்னும் துள்ளுகிறது. மத்தியானம் ஜன்னலுக்குத் திரை போட்டு, மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்து, யாரும் அவனைக் கூப்பிடக்கூடாது என்று சட்டம் போட்டேன். பாதித் துள்ளல் அதிலேயே குறைந்தது என்பேன்.

தெரிந்தவர் ஒருவர், “ஷோ அன்னிக்கு அரை மாத்திரை குடுங்க, பெட்டிப் பாம்பா அடங்கிடுவான்” என்றார். எங்கள் கால்நடை டாக்டரிடம் கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. நமக்கு வியர்க்கிற மாதிரி நாய்க்கு வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மயக்க மருந்து கொடுத்து வெயிலில் நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்து என்றார். அப்படி நிற்க வைத்து வாங்கும் கோப்பை எதற்கு?

துள்ளலுக்கு அவர் சொன்ன வைத்தியம் எளிமையானது. அதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். குதித்தால் திட்டாதீர்கள், தள்ளாதீர்கள். அவனுக்கு அதுவும் விளையாட்டுதான். பேசாமல் திரும்பி நின்றுகொள்ளுங்கள். நாலு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் ஒரு துண்டு வேகவைத்த சிக்கன். நகக்கண் அளவு போதும். வீட்டில் எல்லோரும் இதைச் செய்யவேண்டும் என்பதில்தான் சிக்கல். “பாவம், ஆசையா வர்றான்” என்று மாமாவே மூன்று தடவை சட்டத்தை மீறினார். அதுவும் என்னிடம் ஒளித்து வைத்திருந்த முறுக்கோடு! ‘கை உடைந்தது உங்களுக்கா எனக்கா மாமா?’ என்று கேட்ட பிறகுதான் வழிக்கு வந்தார்.

அடுத்தது நிற்கும் பயிற்சி. இங்கே எங்கள் சொந்த வினையே குறுக்கே நின்றது. என் மகன் இரண்டாவது மாதத்திலேயே சங்குவுக்கு ‘உட்கார்’ சொல்லிக் கொடுத்து, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருந்தான். விளைவு, கையில் தின்பண்டத்தைப் பார்த்தாலே சங்கு பொத்தென்று உட்கார்ந்துவிடுவான். ஷோவில் நிற்கவேண்டிய நாய்க்கு இது உதவாது. ஜட்ஜ் பக்கத்தில் வரும்போது உட்கார்ந்தால் முதுகையும் காலையும் எப்படிப் பார்ப்பது? அதனால் ஷோ ஆசை இருப்பவர்கள் ‘நில்லு’வை முதலில் சொல்லிக் கொடுங்கள், ‘உட்கார்’ பிறகு வரட்டும்.

பழகிவிட்ட சங்குவை மாற்றியது ஒரு சின்னத் தந்திரம். சிக்கன் துண்டைத் தலைக்கு மேலே தூக்கினால் மூக்கு மேலே போகும், இடுப்பு தானாகக் கீழே போகும். அதையே மூக்குக்கு நேராகப் பிடித்து, நாலடி நடந்து நிறுத்தினால் நின்றபடியே வாங்கிக்கொள்வான். முதலில் மூன்று விநாடி. பிறகு ஐந்து, பத்து. முன்னங்கால்கள் தோளுக்குக் கீழே நேராக, பின்னங்கால்கள் சற்றே பின்னால் தள்ளி இருக்கும்படி காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான் என் மகன். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, அவ்வளவுதான். குட்டி சலிப்பதற்கு முன் நாம் நிறுத்திவிட வேண்டும்.

அறிமுகம் இல்லாதவர் கை படுவதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. பால்காரர், இஸ்திரி வண்டித் தம்பி, பூக்கார அக்கா என்று தெருவில் யாரையும் விடவில்லை. நேருக்கு நேராகக் குனியாமல் பக்கவாட்டில் வந்து, முதலில் தோளை மட்டும் தொடவேண்டும். ஒரு வாரம் கழித்து முதுகு. அதற்கப்புறம்தான் உதடு. “பல்லைப் பார்க்கணும், நடக்கவிட்டுப் பார்க்கணும்னா, பொண்ணு பார்க்க வர்ற மாதிரியில்ல இருக்கு!” என்று பூக்கார அக்கா சிரித்தார். ஆனால் தினமும் இரண்டு நிமிடம் நின்று பல்லைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போனார். அவர் இல்லையென்றால் இந்தக் கதை இல்லை.

கூட்டத்துக்கும் மற்ற நாய்களுக்கும் பழக்குவதில் தூரம்தான் ரகசியம். பூங்கா வாசலில் இன்னொரு நாயைப் பார்த்தால் 20 அடியில் சங்குவுக்குத் தலைகால் புரியாது. 60 அடியில் பார்ப்பான், ஆனால் ‘சங்கு’ என்றால் திரும்புவான். அந்த 60 அடியிலிருந்துதான் ஆரம்பித்தோம். கையில் இருக்கும் சிக்கனை வாங்கிச் சாப்பிட முடிகிறதா என்று பாருங்கள். பிடித்த தின்பண்டத்தையே கண்டுகொள்ளவில்லை என்றால், மிகவும் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். திட்டாமல் பின்வாங்குங்கள். 60 அடி 15 ஆவதற்கு எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது. நடுவில் தீபாவளி வெடிச் சத்தத்தில் பத்து நாள் உழைப்பு வீணானதும் உண்டு.

அலங்காரம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குட்டை முடிக்காரன். மூன்று நாள் முன்னால் நாய்க்கான ஷாம்பூவில் ஒரு குளியல். வாரா வாரம் நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது. டைல்ஸ் தரையில் ‘டக் டக்’ என்று கேட்டால் நகம் நீளம் என்று அர்த்தம். தடுப்பூசி அட்டையை முதல் நாளே பையில் வையுங்கள்.

ஷோ அன்று விடியற்காலையில் கிளம்பினோம். காலையில் வயிறு முட்டக் கொடுக்கவில்லை. தண்ணீர், ஈரத் துண்டு, அவன் படுக்கும் அதே பாய். மைதானத்துக்குள் போனதும் ரிங் பக்கம் போகாமல் ஓர் ஓரத்து மர நிழலில் பாயை விரித்தோம். முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மைக் சத்தம், கைத்தட்டல், நூறு நாய்களின் குரைப்பு. சங்கு முதலில் நடுங்கினான், பிறகு குரைத்தான், பிறகு பாயில் தலையை வைத்துப் படுத்தான். என் மகன் கையில்தான் நடுக்கம் நிற்கவில்லை. கைப்பட்டையில் நம்பர் அட்டையைச் செருகிவிட்டது தாத்தா.

அவன் வயசுப் பிரிவில் ஐந்து பேர். ஜட்ஜ் பக்கவாட்டில் வந்தார், தோளைத் தொட்டார், உதட்டைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சங்கு நின்றுகொண்டிருந்தான். பூக்கார அக்காவுக்கு வாயைக் காட்டுகிற மாதிரியே அலட்சியமாக.

ஓட்டத்தில்தான் கோட்டைவிட்டான். திரும்பி வரும் வழியில் கயிற்றுக்கு வெளியே மாமாவைப் பார்த்துவிட்டு நாலுகால் பாய்ச்சலில் கிளம்பினான். ஜட்ஜ் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை ஓடச் சொன்னார். ஐந்தில் நாலாவது இடம். “நல்ல உடம்பு தம்பி. ஓட்டத்தைப் பழக்கிட்டு அடுத்த வருஷம் கொண்டு வா” என்றார் என் மகனிடம்.

ரிங்கை விட்டு வெளியே வந்ததும் சங்கு நேராக மாமாவிடம்தான் இழுத்துக்கொண்டு ஓடினான். என் கணவர் சட்டென்று குறுக்கே கையை நீட்டினார். அவசியப்படவில்லை. இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டான். நாலு காலும் தரையில். வால் மட்டும் உடம்பையே ஆட்டிக்கொண்டிருந்தது. மாமா ஜிப்பா பையிலிருந்து ஒரு முறுக்குத் துண்டை எடுத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் தோட்டத்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் டீக்கு நிறுத்தியபோது, என் கணவர்தான் முதலில் இறங்கிப் போய் சங்குவின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார்.