மீண்டும் முதற்படியில்

உச்சியில் நின்ற ஒருவர் அடிவாரத்துக்குத் தாமே இறங்கி வந்து மீண்டும் ஏறத் துணிவாரா? துணிந்தோர் சிலருள் ஒருவர் போல் மக்காட்னி.

இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிற் பிறந்த பீற்றில்ஸ் குழுவை அறியாதார் அரியர். அக்குழுவில் 1961 முதல் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிற்றாரை வாசித்தவர் இவர். உலகமே அந்நால்வர் பாட்டுக்குத் தலையசைத்தது. ஆயினும் மனவேற்றுமையும் பண விவகாரமும் குழுவைப் பிளந்தன. அவர் விலகிய செய்தி 1970 ஏப்பிரலில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 27.

அடுத்த ஆண்டிலே 'விங்ஸ்' என்னும் புதுக் குழுவை அமைத்தார். புகைப்படக் கலைஞரான மனைவி லிண்டாவையும் அதிற் சேர்த்துக்கொண்டார். இசைப் பயிற்சி இல்லாதவரைச் சேர்ப்பதா என்று எள்ளி நகைத்தோர் பலர். விளம்பரம் செய்திருப்பின் பேரரங்குகள் நிரம்பியிருக்கும். அவரோ 1972 பெப்ரவரியில் குடும்பத்தோடும் குழுவினரோடும் வாகனமேறிப் பல்கலைக்கழகங்களை நாடிச் சென்றார். முன்னறிவித்தல் இல்லை, தங்குமிட ஏற்பாடும் இல்லை. நொட்டிங்ஹாமில் மாணவரிடம் மண்டபம் கேட்டுப் பெற்று, சொற்பக் கட்டணத்துக்கு வாசித்தனர். பீற்றில்ஸ் பாடல் ஒன்றேனும் பாடினாரல்லர். பழம்புகழைக் கைம்முதலாக்க அவர் மனம் ஒப்பவில்லை.

1973இல் ஒலிப்பதிவுக்காக நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குப் புறப்படும் வேளையில், குழுவினர் இருவர் விலகினர். அங்கே கத்தி முனையில் வழிப்பறியும் நேர்ந்தது. பாடல்களின் மாதிரிப் பதிவுகள் பறிபோயின. எஞ்சிய மூவரே பணியைத் தொடர்ந்தனர். முரசையும் மக்காட்னியே வாசித்தார். அவ்வாறு உருவான 'பான்ட் ஒன் த ரன்' இசைத்தட்டு 1974இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது.

செல்வம் படைத்தவர்க்கு இஃது எளிது என்பாரும் உளர். பசியைச் செல்வம் தடுக்கும், பரிகாசத்தைத் தடுக்குமோ? ஊரறிந்த பெயரோடு புதியவனாய் நிற்பதே பெரிதும் கடினம்.

இதனை நம் மாணவர் சிந்தித்தல் வேண்டும். கல்லூரியில் முதல்வனாய் விளங்கியவன் பல்கலைக்கழகத்துள் நுழைந்ததும் நூற்றுவருள் ஒருவனாகிறான். பழைய பரிசுகளை எண்ணி ஏங்குவோர் அங்கே பின்தங்குவதை நாம் கண்டிருக்கிறோம். பரிசுகள் பெட்டியில் இருக்கட்டும். பாடத்தை முதலெழுத்திலிருந்து தொடங்குக. அவ்வாறு தொடங்க நாணாதவனுக்கே அடுத்த படி உரியது.