'ஆர்க்கைவ்' போட்டா எல்லாமே வந்துடுமா?

புது லினக்ஸ் சர்வருக்கு மாறும்போது பலரும் ஆர்சிங்க் கட்டளையில் சின்ன 'ஏ' மட்டும் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். 'ஏ' என்றால் ஆர்க்கைவ். பேரைக் கேட்டால் எல்லாமே அப்படியே வந்துவிடும் என்றுதான் தோன்றும். வராது. அனுமதிகள், தேதி, சிம்லிங்க் வரும். போய்ச் சேரும் இடத்தில் ரூட் உரிமை இருந்தால் உரிமையாளரும் மாறமாட்டார். ஹார்டு லிங்க், ஏசிஎல், கூடுதல் பண்புகள் மூன்றும் அம்போ!

ஹார்டு லிங்க் போனால் என்ன ஆகும்? தினமும் பெரிதாக மாறாத 100 ஜிபி டேட்டாவின் 30 நாள் பேக்கப், பழைய டிஸ்க்கில் 100 ஜிபியை ஒட்டியே இருந்திருக்கும். புது டிஸ்க்கில் 3,000 ஜிபி கேட்கும். ஏசிஎல் போனால், நேற்றுவரை ஃபைலைத் திறந்தவருக்கு இன்று 'பெர்மிஷன் டினைட்'.

இதற்கு ஆர்க்கைவ் என்று பேர் வைத்ததே கொஞ்சம் ஓவர்தான். பெரிய எழுத்தில் 'ஹெச்', 'ஏ', 'எக்ஸ்' மூன்றையும் கையோடு சேர்த்தாகணும். அதற்கும் முன்னால் சின்ன 'என்' போட்டு ஓட்டினால், எதையும் தொடாமல் ஒத்திகை மட்டும் பார்க்கலாம்.