விழுந்த பிள்ளையைக் கவனிப்பது யார்?

2024 செப்டெம்பர் 26. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உலக சாம்பியன்ஷிப், கனிஷ்ட பெண்களுக்கான வீதிச் சைக்கிளோட்டம். மழை நனைத்த பாதையில் 18 வயது சுவிஸ் வீராங்கனை முரியல் ஃபுரர் காட்டோரத்தில் விழுந்தார். நெடுநேரம் எவரும் காணவில்லை. மறுநாள் உயிரிழந்தார்.

பெண்களின் போட்டியை அதற்காக நிறுத்தவில்லை. 2025இல் ருவாண்டாவின் கிகாலியில், இருக்குமிடம் காட்டும் ஜீ.பி.எஸ். கருவி அனைவருக்கும் பொருத்தப்பட்டது.

ஈச்சிலம்பற்றில் கற்பிக்கும் நான் இதை எமது சமூகத்துக்கான பாடமாகவே பார்க்கிறேன். ஆபத்து என்று சொல்லி மகளின் சைக்கிளைப் பூட்டி வைப்பது சுலபம். எமது வீதியோட்டங்களுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வளைவுக்கு ஓர் ஆள், கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் ஒரு வாகனம், தொடக்கத்திலும் முடிவிலும் தலைக்கணக்கு போதும். பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதையாவது பொறுப்பேற்கட்டும்.